அம்மா இல்லாத முதல் கிறிஸ்துமஸ்: வீட்டில் இருப்பதா, உறவினர் வீடுகளுக்குப் போவதா?

கேள்வி: செந்தூல் மகள்

அனைவருக்கும் வணக்கம். நான் கோலாலம்பூர், செந்தூலில் கணவர், பிள்ளைகளுடன் வசிக்கிறேன். என் பிறந்த வீடு பினாங்கு, ஆயர் ஈத்தாமில் இருக்கிறது. என் கணவர் திருமணத்துக்கு முன்பே ஞானஸ்நானம் பெற்றவர். அவருடைய பெற்றோரும் உடன்பிறந்தோரும் இந்துக்கள், கிள்ளானில் இருக்கிறார்கள். எங்கள் மகனுக்கு 10 வயது, மகளுக்கு 6 வயது. கடந்த ஏப்ரல் மாதம் என் அம்மா காலமானார். 74 வயதான அப்பா அதே வீட்டில் தனியாக இருக்கிறார். தம்பி குடும்பம் பாயான் லெப்பாஸில் இருப்பதால், அவன் நாள்தோறும் மாலையில் வந்து பார்த்துவிட்டுப் போகிறான்.

திருமணமான நாளிலிருந்து, நோய்த்தொற்றுக் காலம் ஒன்றைத் தவிர, ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நாங்கள் பினாங்குக்குத்தான் போயிருக்கிறோம். டிசம்பர் 20ஆம் தேதிக்கே அம்மா முறுக்கும் அதிரசமும் அச்சு முறுக்கும் சுடத் தொடங்கிவிடுவார். 24ஆம் தேதி இரவு பினாங்கு ரோட்டிலுள்ள புனித சவேரியார் ஆலயத்தில் பூசை முடித்து வீடு திரும்பியதும், அதுவரை கைக்குட்டையில் சுற்றிப் பீரோவில் வைத்திருந்த குழந்தை இயேசுவின் சொரூபத்தை வீட்டிலேயே இளைய பிள்ளையின் கையில் கொடுத்துக் குடிலில் வைக்கச் சொல்வார். மறுநாள் காலை ஆப்பமும் ஆட்டுக்கறியும் இருக்கும். பத்து மணிக்கு மேல் சித்தி, பெரியப்பா குடும்பங்கள், அப்பாவுடன் வேலை செய்தவர்கள், பக்கத்து வீட்டு மலாய்க்காரக் குடும்பம் என்று மாலை வரை ஆட்கள் வந்தபடி இருப்பார்கள். மலாய்க்காரக் குடும்பத்துக்கென்று பிராந்தி சேர்க்காத ரவைக் கேக் ஒன்றைத் தனித் தட்டில் சுட்டு, ஒருபோதும் கறி வைக்காத ஒரு பீங்கான் தட்டில் எடுத்துக் கொடுப்பது அம்மாவின் வழக்கம். 26ஆம் தேதி பட்டர்வொர்த்தில் அத்தை வீடு, மறுநாள் புக்கிட் மெர்தாஜம் புனித அன்னம்மாள் ஆலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு நேராகக் கோலாலம்பூர்.

இவ்வாண்டு ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். அப்பாவின் தங்கையான பட்டர்வொர்த் அத்தை, "அண்ணி போன வருடத்தில் அந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, பண்டிகையே வேண்டாம்" என்கிறார். தம்பியோ, அம்மாவுக்கு ஆட்கள் வருவதுதான் பிடிக்கும், ஆகவே பந்தல் போட்டு, வெளியில் சமைக்கச் சொல்லி, எப்போதையும்விடப் பெரிதாகத் திறந்த இல்ல உபசரிப்பு வைக்க வேண்டும் என்கிறான். என் மாமியார், "பிள்ளைகள் பண்டிகை நாளில் அழுத முகங்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், கிள்ளானுக்கு வந்துவிடுங்கள், சம்பந்தியையும் அழைத்துக்கொண்டு வாருங்கள்" என்று அன்போடு கூப்பிடுகிறார். அப்பாவைக் கேட்டால், "உங்கள் இஷ்டம்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

அம்மா போன ஆண்டில் வீட்டில் பலகாரம் சுடாமல் இருப்பது நம் கத்தோலிக்கக் குடும்பங்களில் கட்டாயமா? நாங்கள் உறவினர் வீடுகளுக்குப் போகலாமா, அல்லது அவர்கள்தான் வர வேண்டுமா? அப்பாவை அவருடைய வீட்டிலேயே வைத்துக் கொண்டாடுவது நல்லதா, செந்தூலுக்கு அழைத்து வருவது நல்லதா? என் மகள் சென்ற வாரம், "இந்த வருடம் குழந்தை இயேசுவை யார் எடுத்துக் கொடுப்பார்கள்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இதே நிலையைக் கடந்தவர்கள் உங்கள் வீட்டில் என்ன செய்தீர்கள் என்று எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில்: புக்கிட் மெர்தாஜம் அம்மா

மகளே, உங்கள் தாயாரின் ஆன்மா இறைவனில் இளைப்பாறட்டும். என் கணவர் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஓர் அக்டோபர் மாதத்தில் இறந்தார். இரண்டே மாதத்தில் கிறிஸ்துமஸ் வந்துவிட்டது. ஆகையால் நீங்கள் எழுதியதை நான் வெறும் கேள்வியாகப் படிக்கவில்லை.

முதலில் வழக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். இறப்பு நேர்ந்த வீட்டில் ஓராண்டுக்குப் பலகாரம் சுடக் கூடாது என்று திருச்சபை எங்கும் சொல்லவில்லை. அது நம் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்த குடும்ப வழக்கம். இந்துக்கள் தீபாவளிக்குக் கடைப்பிடிப்பதையே நாம் கிறிஸ்துமஸுக்குக் கடைப்பிடிக்கிறோம். ஆனால் திருச்சபை சொல்லவில்லை என்பதற்காக அத்தையின் பேச்சைத் தள்ளிவிடாதீர்கள், ஏனென்றால் அந்த வழக்கத்துக்கு ஒரு மறுபாதி உண்டு. நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் சாவு விழுந்தால், அந்த ஆண்டு பண்டிகைக்கு அந்த வீட்டுப் பெண்கள் அடுப்படியில் நிற்க மாட்டார்கள். ஆனால் விடிவதற்குள் சுற்றியுள்ள வீடுகளிலிருந்து தட்டுத் தட்டாக முறுக்கும் அதிரசமும் வந்து சேர்ந்துவிடும், மற்ற வீடுகளைவிட அந்த வீட்டில்தான் பலகாரம் அதிகமாக இருக்கும். வழக்கத்தின் நோக்கம் துக்கத்தில் இருப்பவர்களைப் பட்டினி போடுவதன்று, அவர்களுடைய வேலையை மற்றவர்கள் எடுத்துக்கொள்வது. இன்று பலர் முதல் பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மறுபாதியை மறந்துவிட்டார்கள். எண்ணெய்ச் சட்டி வைக்காதே என்று சொல்கிறவர், நான் சுட்டுக் கொண்டுவருகிறேன் என்றும் சொல்ல வேண்டும். இதை நீங்கள் அத்தையிடம் குறையாகச் சொல்லாமல், "அத்தை, இந்த வருடம் எங்கள் வீட்டுப் பலகாரம் உங்கள் கையால் வரட்டும்" என்று உரிமையோடு கேட்டுப் பாருங்கள்.

பலகாரம் சுடாமல் இருப்பது வேறு, பண்டிகையே இல்லாமல் இருப்பது வேறு. குடில் வையுங்கள். கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக்காலம் இவ்வாண்டு நவம்பர் 29 அன்று தொடங்குகிறது. அன்றே தம்பி பிள்ளைகளை அனுப்பி, தாத்தாவோடு சேர்ந்து திருவருகைக்கால வளையத்திலுள்ள நான்கில் முதல் மெழுகுவர்த்தியை ஏற்றச் சொல்லுங்கள். மூன்று ஊதா, ஒரு இளஞ்சிவப்பு என்று வாரம் ஒன்றாக ஏற்றும்போது, அந்த வீடு நான்கு வாரமாகவே கிறிஸ்துமஸை எதிர்கொண்டிருக்கும். 24ஆம் தேதி திடீரென்று வெறுமையில் வந்து விழாது. இரவுப் பூசைக்கு அப்பாவால் விழித்திருக்க முடியுமா என்று பாருங்கள். கிறிஸ்துமஸுக்குத் திருவிழிப்பு, நள்ளிரவு, விடியல், பகல் என்று நான்கு திருப்பலிகளுக்கான செபங்களும் வாசகங்களும் தனித்தனியாக உண்டு. பகல் பூசைக்குப் போனாலும் எதுவும் குறைந்துவிடாது. பங்கு அலுவலகத்தில் இப்போதே சொல்லி, அம்மாவின் பெயரில் அந்தப் பூசையை ஒப்புக்கொடுத்துவிடுங்கள். என் கணவரின் பெயரைப் பூசையின் வேண்டுதல் கருத்துகளில் வாசித்தபோதுதான் நான் இரண்டு மாதத்துக்குப் பிறகு முதன்முறையாக நிம்மதியாக அழுதேன்.

யார் வீட்டுக்கு யார் போவது என்பதில் எங்கள் பக்கத்து முறை இதுதான்: துக்க வீட்டார் முதல் ஆண்டில் பிறர் வீட்டுக்குப் பண்டிகை கொண்டாடப் போவதில்லை, மற்றவர்கள் அவர்களைத் தேடி வருவார்கள். ஆகவே 25ஆம் தேதி முழுவதும் ஆயர் ஈத்தாம் வீட்டில் இருங்கள். பந்தலும் அழைப்பும் வேண்டாம். ஆனால் முன்வாசல் கதவைக் காலையிலிருந்து இரவு வரை திறந்தே வையுங்கள். அத்தை வீட்டுக்கு மறுநாள் போவதில் எனக்கு ஒரு தயக்கமும் தெரியவில்லை, அவரும் அதே துக்கத்தில் இருப்பவர்தானே.

அப்பாவை வேறு ஊருக்கு அழைத்துப் போவதை மட்டும் நான் ஏற்கவில்லை. ஐம்பது ஆண்டு வாழ்ந்த வீட்டை முதல் கிறிஸ்துமஸிலேயே பூட்டிவிட்டுப் போனால், அடுத்த ஆண்டு அதைத் திறப்பது இன்னும் கடினம்.

பதில்: புடுவாசி

புக்கிட் மெர்தாஜம் அம்மா எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். எங்கள் தாயார் இறந்த ஆண்டில் நாங்களும் கதவைத் திறந்து வைத்தோம். யாரையும் அழைக்கவில்லை, ஆனால் துக்கம் விசாரிக்க வர முடியாமல் போனவர்கள் எல்லாரும் கிறிஸ்துமஸ் அன்று வந்து சேர்ந்தார்கள். ஒவ்வொருவரும் வந்தவுடன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, எப்படி நடந்தது, எந்த மருத்துவமனை, கடைசியில் என்ன சொன்னார் என்று கேட்க, அப்பா அதே கதையைக் காலையிலிருந்து இருபது தடவைக்கு மேல் சொல்ல வேண்டியதாயிற்று. மதியம் இரண்டு மணிக்கு அவரைக் காணவில்லை என்று தேடினோம். பின்கட்டில், துணி காயப்போடும் இடத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "கொஞ்ச நேரம் பேசாமல் இருக்க வேண்டும் போலிருந்தது" என்றார். அந்த முகத்தை நான் இன்றும் மறக்கவில்லை.

ஆகவே என் கருத்து, வருகைக்கு ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள் என்பது. காலை பத்திலிருந்து ஒரு மணி வரை வந்தால் நன்றாக இருக்கும் என்று தம்பி குடும்பக் குழுவில் முன்கூட்டியே மரியாதையாக எழுதிவிடலாம். நம் மக்கள் புரிந்துகொள்வார்கள். ஒரு மணிக்குப் பிறகு அப்பாவைத் தூங்க விடுங்கள். மாலையில் நெருங்கிய இரண்டு குடும்பங்கள் மட்டும் இருந்தால் போதும். வருகிறவர்களை வரவேற்று உட்கார வைத்துப் பேசும் பொறுப்பைத் தம்பியோ உங்கள் கணவரோ ஏற்க வேண்டும். அப்பா குடிலுக்குப் பக்கத்தில் ஓர் ஓரமாக, விரும்பினால் பேசலாம், விரும்பாவிட்டால் பேசாமல் இருக்கலாம் என்ற நிலையில் உட்கார்ந்திருக்கட்டும்.

கல்லறைக்குப் போவதைப் பற்றி யாரும் எழுதவில்லை. நாங்கள் 25ஆம் தேதி காலைப் பூசை முடிந்து நேரே கல்லறைக்குப் போய், பூ வைத்து, ஜெபமாலையில் ஒரு பத்து மணிகள் சொல்லிவிட்டு அதன்பின் வீட்டுக்கு வந்தோம். பிள்ளைகளுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. பாட்டியைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார வேண்டும் என்பது இப்போது அவர்களாகவே வைத்திருக்கும் ஒழுங்கு. உங்கள் மகளின் கேள்விக்கும் அங்கேயே ஒரு வழி கிடைக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பதில்: கிள்ளான் மருமகன்

நான் இந்து; மனைவி கத்தோலிக்கர். கேள்வி கேட்ட சகோதரியின் கணவர் வீட்டார் எப்படி யோசிப்பார்கள் என்பதை அவர்கள் இடத்திலிருந்து எழுத முடியும் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் முறையில், கட்டிக்கொடுத்த பெண்ணுக்குத் தாய் தந்தை இறப்பின் தீட்டு மூன்று நாள்தான். ஓராண்டுக்குப் பண்டிகை வேண்டாம் என்பது பிறந்த வீட்டு ஆண்மக்களின் வீட்டைச் சேர்ந்தது. ஆகவே உங்கள் மாமியார் வீட்டில் எந்தத் தடையும் இல்லை, நீங்கள் அங்கே போவதிலும் எங்கள் பக்கத்தில் யாரும் குற்றம் காண மாட்டார்கள். அவர் உங்களைக் கூப்பிடுவது உங்கள் அம்மாவின் இடத்தைப் பறிப்பதற்காக அன்று என்பதையும் தயவுசெய்து நம்புங்கள். மருமகள் வீட்டில் இழப்பு நேர்ந்தால் பிள்ளைகளைத் தன் பக்கம் சேர்த்து அணைத்துக்கொள்வது ஒரு மாமியாருக்குத் தெரிந்த ஆறுதல் முறை.

ஆனால் நாளைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். இவ்வாண்டு டிசம்பர் 25 வெள்ளிக்கிழமை. பல இந்துக் குடும்பங்கள் வெள்ளிக்கிழமையில் சைவம். கிறிஸ்துமஸ் விருந்தென்றால் ஆட்டுக்கறியும் கோழியும் இல்லாமல் இருக்குமா என்ற எண்ணத்தில் இரு பக்கமும் சங்கடப்படுவதைவிட, அடுத்த வார இறுதியைப் பயன்படுத்துவது மேல். ஜனவரி முதல் தேதியும் வெள்ளிக்கிழமை. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் அன்று பொது விடுமுறை. மூன்று அரசர்கள் திருநாளை மலேசியத் திருச்சபை ஞாயிற்றுக்கிழமையில் கொண்டாடுவதால், இம்முறை அது ஜனவரி 3ஆம் தேதி வருகிறது என்று என் மனைவி சொல்கிறார். அதாவது அதுவரை நீங்கள் கிறிஸ்துமஸ் வாழ்த்தோடு ஒரு வீட்டுக்குப் போனால் அது காலங்கடந்த வருகை ஆகாது. ஜனவரி 2, சனிக்கிழமை, கிள்ளானுக்குப் போங்கள். மாமியாரிடம் இதை இப்போதே சொல்லிவிட்டால், வரமாட்டேன் என்று நீங்கள் சொன்னதாக அவர் மனத்தில் படியாது.

இன்னொன்று. கணவர் வீட்டில் யாரேனும் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தால், அவர்களை இவ்வாண்டு ஆயர் ஈத்தாம் வீட்டுக்கு வரும்படி வற்புறுத்த வேண்டாம். மாலை அணிந்தவர்கள் இறப்பு நேர்ந்த வீடுகளைத் தவிர்ப்பார்கள். அந்த ஓராண்டுக் கணக்கை எல்லாரும் ஒரே அளவில் பார்ப்பதில்லை என்றாலும், விரதத்தில் இருப்பவர் தயங்கினால் அது உங்கள் மீதுள்ள விலக்கம் ஆகாது. கார்த்திகை முதல் நாளில் மாலை போட்டவர்களுக்கு 41 நாள் மண்டல விரதம் ஏறத்தாழ டிசம்பர் 27இல் முடிகிறது. மகரவிளக்குக்குப் போகிறவர்கள் ஜனவரி நடுப்பகுதி வரை தொடர்வார்கள். என் மைத்துனர் வீட்டுக் கிறிஸ்துமஸுக்கு நான் மாலையோடு போன ஆண்டில், என் மாமியார் புதிதாக ஒரு மண்சட்டி வாங்கி அதில் எனக்கு மட்டும் சாம்பாரும் கூட்டும் சமைத்து வைத்திருந்தார். அந்தச் சட்டியை இன்றும் அவர் வேறு எதற்கும் எடுப்பதில்லை.

பதில்: பட்டர்வொர்த் பயணி

பயணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 24ஆம் தேதி வியாழக்கிழமை மதியத்துக்கு மேல் வடக்கு நோக்கிக் காரில் கிளம்பினால், தஞ்சோங் மாலிமிலிருந்தே நெரிசல் தொடங்கும், ஈப்போவைத் தாண்டி மெனோரா சுரங்கப்பாதை ஏற்றத்தில் மறுபடியும் நிற்க வேண்டியிருக்கும். இரவுப் பூசையைத் தவறவிடவும் நேரலாம். ஒரு நாள் விடுப்பெடுத்து 23ஆம் தேதியே புறப்படுங்கள். கே.எல். சென்ட்ரலிலிருந்து பட்டர்வொர்த்துக்கு இ.டி.எஸ். மின்சார ரயில் சுமார் நான்கு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாக எடுத்துக்கொள்ளும். பண்டிகைக் காலப் பயணச்சீட்டுகள் வெகு விரைவில் தீர்ந்துவிடும் என்பதால் இன்றே பாருங்கள். நிலையத்திலிருந்து, பினாங்குத் தீவுக்குப் போகும் பெர்ரித் துறைக்கு நடைபாதை இருக்கிறது. 2023ஆம் ஆண்டு முதல் ஓடும் புதிய படகுகள் கார்களை ஏற்றுவதில்லை. பயணிகளும் இரு சக்கர வாகனங்களும் மட்டுமே. அக்கரையில் தம்பி காரோடு நின்றால் போதும். திரும்பும்போது அத்தை வீட்டிலிருந்தே நேராக ரயில் ஏறலாம், புக்கிட் மெர்தாஜமிலும் அந்த ரயில் நிற்கும்.

செந்தூல் மகள்

எழுதிய அனைவருக்கும் நன்றி. எல்லாப் பதில்களையும் கணவரோடு சேர்ந்து இரண்டு முறை படித்தேன், பிறகு தம்பியைத் தொலைபேசியில் அழைத்து வாசித்துக் காட்டினேன். பின்கட்டில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பற்றிய பகுதி வந்தபோது அவன் எதுவும் பேசவில்லை. சிறிது நேரம் கழித்து, "பந்தல் வேண்டாம்" என்றான். பத்திலிருந்து ஒரு மணி வரை என்பதையே அவன் குடும்பக் குழுவில் எழுதப் போகிறான். மாமியாரிடமும் ஜனவரி 2 என்று சொல்லிவிட்டோம். அவர், "அன்றைக்கு நான் மட்டன் சமைப்பேன், சம்பந்தி கட்டாயம் வர வேண்டும்" என்றார். அப்பா அந்தப் பயணத்துக்குத் தயார் என்றால் புத்தாண்டு முடிந்து எங்களோடு சில நாள் செந்தூலில் இருப்பார். 23ஆம் தேதி ரயிலில் நான்கு இடங்கள் கிடைத்துவிட்டன.

பலகாரத்தை அத்தையிடம் கேட்பதற்குத்தான் இன்னும் துணிவு வரவில்லை. அதற்கு நடுவே ஒன்று. அம்மாவின் சமையல் குறிப்பேட்டைத் தம்பி படம் எடுத்து அனுப்பினான். ரவைக் கேக் பக்கத்தில், "வெண்ணெய் அரைக் கட்டி, ரவை அரைக் கட்டி, பாதாம் 4 தஹில், சீனி பால் டின்னில் ஒன்று, மஞ்சள் கரு 12, வெள்ளை 5" என்று மட்டும் எழுதியிருக்கிறது. செய்முறை ஒன்றும் இல்லை. இந்த அளவுகள் எனக்கு விளங்கவில்லை. நான் செந்தூலிலேயே சுட்டு எடுத்துப் போகலாம் என்று நினைக்கிறேன். அடுப்பு என்னுடையது என்பதால் அத்தைக்கும் மறுப்பிருக்காது அல்லவா?

பதில்: புக்கிட் மெர்தாஜம் அம்மா

அளவு எளிதுதான். ஒரு கட்டி என்பது 16 தஹில், ஏறத்தாழ 605 கிராம். அப்படியானால் வெண்ணெயும் ரவையும் 300 கிராம், பாதாம் 150 கிராம். பால் டின் என்றால் கெட்டிப் பால் வந்த காலி டின். அதில் தலைதட்டிச் சீனி எடுத்தால் சுமார் 250 கிராம் பிடிக்கும். செய்முறையை எழுதாததற்குக் காரணம், அந்தக் காலத்தில் அதை யாரும் எழுத வேண்டியிருக்கவில்லை: வெண்ணெயை இளக்கி ரவையை அதில் கலந்து ஓர் இரவு ஊற விடுவார்கள், இல்லையென்றால் ரவை வெந்த பிறகும் பல்லில் நறநறக்கும். மறுநாள் மஞ்சள் கருவையும் சீனியையும் வெளிறிய நிறம் வரும்வரை அடித்து, ரவையோடும் அரைத்த பாதாமோடும் சேர்த்து, நுரைக்க அடித்த வெள்ளைக்கருவைக் கடைசியில் மெதுவாகக் கலப்பார்கள். 160 பாகையில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேக வேண்டும். மாவும் பேக்கிங் பவுடரும் உங்கள் அம்மா எவ்வளவு போட்டார் என்பது அந்தப் பக்கத்தில் இல்லை. அது அவருடன் சேர்ந்து சுட்டவருக்குத்தான் தெரியும்.

அதனால்தான் சொல்கிறேன், செந்தூலில் சுட வேண்டாம். அத்தைக்கு மறுப்பிருக்குமா என்று கேட்டீர்கள், வழக்கப்படி இருக்காது. ஆனால் அவருக்குச் செய்ய வேண்டிய வேலை ஒன்றும் மிஞ்சாது. அவர் தன் அண்ணியை இழந்திருக்கிறார், உங்கள் யாருக்கும் நினைவுக்கு வராத ஓர் இழப்பு அது. அந்தப் பக்கத்தை அவரிடம் கொடுங்கள்.

செந்தூல் மகள்

நேற்று மாலை அத்தையிடம் பேசினேன். குறிப்பேட்டைப் பற்றிச் சொன்னதும் அவர் நீண்ட நேரம் பதில் சொல்லாமல் இருந்தார். தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்து இரண்டு முறை கூப்பிட்டேன். பிறகு, அப்பாவுக்குத் திருமணமான முதல் ஆண்டில் ஆயர் ஈத்தாம் வீட்டில் அம்மாவும் அத்தையும் சேர்ந்துதான் அந்தக் கேக்கைச் சுடக் கற்றார்கள் என்றும், அப்போது அத்தை பள்ளி முடித்திருந்த பெண் என்றும், முதல் மூன்று கேக்குகள் நடுவில் அமுங்கிப்போயின என்றும் சொன்னார். இது எனக்கு இதுவரை தெரியாது. மாவு எவ்வளவு என்று கேட்டதற்கு, "அது எனக்குத் தெரியும், நீ ஏன் கேட்கிறாய்" என்றார்.

மூன்று கேக் சுடுவார். ஒன்று பிராந்தி இல்லாமல், பக்கத்து வீட்டுக்கு. முறுக்கும் அவர் வீட்டிலிருந்தே வரும். அதிரசத்தைச் சித்தியிடம் சொல்லிவிட்டாராம். அம்மாவின் பழைய வட்டத் தட்டு சமையலறை மேல் அலமாரியில் இருக்கும், அதைத் தம்பியிடம் கொடுத்தனுப்பச் சொன்னார், வேறு தட்டில் சுட்டால் நேரம் மாறிவிடுமாம். தம்பி இந்தச் சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கிறான்.

குழந்தை இயேசுவைப் பற்றி அப்பாவிடம் நானே கேட்டேன். பீரோச் சாவி தன்னிடம்தான் இருக்கிறது என்றார்.